கமலாவைக் கொன்ற நாலாவது கேள்வி

மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் எடுக்கப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என் பழைய ஃபைலைக் கேட்டபோது தயங்காமல் கொடுத்துவிட்டேன். முப்பத்தோரு வருஷம் விலங்கியல் நடத்தியதில், கடைசி சில வருஷங்களில் எழுதிச் சேர்த்த கேஸ் ஷீட்டுகள் அவை. ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளி இருப்பார், அவருக்கு ஒரு தொந்தரவு இருக்கும், கீழே நாலு கேள்விகள் இருக்கும். தசை மண்டலத்துக்கான தாளில் மட்டும் மூன்றுதான். நாலாவதைக் கறுப்பு மையால் அடித்திருக்கிறேன். ஜெராக்ஸில் ஏதோ கோளாறு என்று நினைத்து நீங்களாக ஒரு கேள்வியைச் சேர்த்துவிடாதீர்கள். ஏன் அடித்தேன் என்று சொல்கிறேன்.

இந்த முறைக்கு நான் வந்ததே ஒரு அவமானத்தால்தான். சிறுநீரகப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கிய ஒரு பெண்ணிடம், "உன் சிறுநீரகம் எங்கேடி இருக்கு, தொட்டுக் காட்டு" என்றேன். அடிவயிற்றில் கை வைத்தாள். படம் போட்டவள், பாகம் குறித்தவள், தன் முதுகுக்குள் அது இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. புத்தகத்திலிருக்கும் உடம்பு வேறு, தான் சுமந்துகொண்டு திரியும் உடம்பு வேறு என்றே அந்தக் குழந்தை நினைத்திருக்கிறது. தப்பு அவளுடையதல்ல. அதன் பிறகு பாடத்தை ஓர் ஆளிலிருந்து ஆரம்பிப்பது என்று வைத்துக்கொண்டேன். ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்று முதலில் சொல்வது, ஏன் நேர்ந்தது என்று அவர்களையே கண்டுபிடிக்க விடுவது. வகுப்பு மாறிவிட்டது. மயிலாப்பூரில் எங்கள் பள்ளியின் பின்பக்கத்து அறை அது. வெளியே ஆட்டோக்கள் அலறிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே நாற்பது பெண்கள் துப்பறிவாளர்கள் மாதிரி தலையோடு தலை முட்டிக்கொண்டு பேசுவதைப் பார்க்க எனக்கே பெருமையாக இருக்கும். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

பிளஸ் ஒன் தசைப் பாடத்தில் மையாஸ்தீனியா கிரேவிஸ் என்று ஒரு நோய் வரும். புத்தகத்தில் ஒன்றிரண்டு வரி, அவ்வளவுதான். அந்த வரிகளுக்கு நான் கமலாவை உண்டாக்கினேன். கமலா, வயது முப்பத்தெட்டு, பாட்டு டீச்சர். காலை வகுப்பில் குரல் கணீரென்று இருக்கும். மாலை வகுப்பில் மூன்றாவது பாட்டுக்குள் குரல் மூக்கால் வரும். சாயந்திரமானால் கண்ணிமைகள் தாமாகச் சரியும். சாப்பிடும்போது பாதியில் தாடை ஓய்ந்துவிடும். படுத்து எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும். ரத்தசோகை இல்லை. கமலாவுக்கு என்ன?

முதல் மூன்று கேள்விகளும் படிப்படியாக விடைக்கு அழைத்துப் போகும். நரம்பு தசையைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. நரம்பின் முனையிலிருந்து துளி ரசாயனம் கிளம்பி, அந்த இடைவெளியைக் கடந்து, அந்தப் பக்கத்துக் கதவைத் தட்டுகிறது. தசை சுருங்குகிறது. நாம் ஒரு தடவை கண் இமைப்பதற்குள் இத்தனையும் நடந்து முடிகிறது. எத்தனை வருஷம் நடத்தினாலும் இந்த இடத்தில் சாக்பீஸை ஒரு நொடி கீழே வைத்துவிடுவேன். கமலாவின் உடம்பு அந்தக் கதவுகளைத் தானே அடைத்துக்கொண்டிருக்கிறது. முதலில் சில தட்டல்கள் உள்ளே கேட்கும். தட்டத் தட்டக் கேட்காமல் போகும். அதனால்தான் காலையில் பாட்டு, மாலையில் மௌனம்.

நாலாவது கேள்வி இது: "ஒரு நாள் மாலை கமலா மூச்சுவிட முடியாமல் இறந்தார். எந்தத் தசை செயலிழந்தது?"

எழுதி முடித்து நானே ரசித்துக்கொண்ட கேள்வி. பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று தெரியும். அப்படியே நிமிர்ந்தார்கள். "உதரவிதானம்!" என்று வகுப்பே ஒரே குரலில் கத்தியது. ஒருத்தி மேசையைத் தட்டினாள். நானும் சிரித்தேன்.

மூன்றாவது வரிசையில் நஸ்ரீன் என்ற பெண் மட்டும் கத்தவில்லை. ராயப்பேட்டைப் பக்கத்திலிருந்து வருபவள், வீட்டில் உருது பேசுவார்கள், அதிகம் வாய் திறக்காதவள். மெதுவாகக் கை தூக்கினாள்.

"மிஸ், இது நெஜமாவே இருக்கற வியாதியா?"

"இருக்கும்மா. ரொம்ப அபூர்வம்" என்றேன். மணி அடித்தது. தாள்களை வாங்கிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டேன். ஒரு பெண் ஒரு கேள்வி கேட்டால் அது எங்கிருந்து வருகிறது என்று அரை நிமிஷம் நின்று பார்க்கத் தோன்றவில்லை. அபூர்வம் என்ற சொல்லை வகுப்பில் அலட்சியமாகச் சொல்லாதீர்கள். அபூர்வமான நோய் வந்தவருக்கு அது அபூர்வமே அல்ல.

மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் தாள் திருத்தினேன். நஸ்ரீன் மூன்று கேள்விகளுக்கும் சரியாக எழுதியிருந்தாள். நாலாவதற்கு விடை இல்லை. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வரி இருந்தது.

"மிஸ், கமலாவுக்கு ஊசி ரெண்டா தெரியுமா?"

கமலா பாட்டு டீச்சர். அவள் கதையில் ஊசியே கிடையாது. ஆனால் அந்த நோய் வந்தவர்களுக்குக் கண்ணை அசைக்கும் தசைகளும் களைத்துப்போய் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். பிள்ளைகளுக்குக் குழப்பமாக இருக்கும் என்று அந்த அறிகுறியை மட்டும் நான் எழுதாமல் விட்டிருந்தேன். நான் விட்டதை இந்தப் பெண் எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்திருக்கிறாள். புத்தகத்தில் படித்தவள் ஊசி என்று எழுதமாட்டாள். பார்த்தவள்தான் எழுதுவாள்.

வகுப்புக்கு ஓடினேன். நஸ்ரீன் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாள். பக்கத்தில் உட்காரும் பெண்ணைக் கேட்டேன். "அவங்க அம்மா ஆரி வேலை செய்யறாங்க மிஸ். கல்யாண பிளவுஸுக்கெல்லாம் ஜரிகை, மணி வச்சுத் தைப்பாங்க. தி.நகர் கடைக்குக் குடுப்பாங்க" என்றாள்.

தலைமையாசிரியையிடம் போனேன். அவர் கணக்குப் பாடத்துக்காரர். நான் மூச்சு வாங்கச் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார்.

"நீங்க டாக்டர் இல்லையேம்மா. அங்க போய் இன்ன வியாதின்னு சொல்லி, அது இல்லேன்னு ஆச்சுன்னா?"

"தெரியும் மேடம். அதான் பயமா இருக்கு."

"சும்மா இருந்துட்டு, அது இருக்குன்னு ஆச்சுன்னா?"

அவரே கேட்டுவிட்டுப் பேனாவை உருட்டினார். பிறகு சொன்னார்: "வியாதி பேரை வாயில எடுக்காதீங்க. கண்ணால என்ன பார்க்கறீங்களோ அதை மட்டும் சொல்லுங்க. அதுக்கு டாக்டரா இருக்க வேண்டியதில்லை. கடைசி பீரியடை நான் பார்த்துக்கறேன், கிளம்புங்க."

இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த பயிற்சி வகுப்புகளையெல்லாம் கூட்டினாலும் இந்த மூன்று வாக்கியத்துக்கு ஈடாகாது.

ஆட்டோவில் பத்து நிமிஷம். மாடியில் ஒரே அறை. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டுத்துணி முன்னால் நஸ்ரீனின் அம்மா உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் ஊசி. இன்னொரு கை மோவாயைத் தாங்கிக்கொண்டிருந்தது. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, பாதி மூடிய இமைகளுக்குக் கீழே இருந்த இடுக்கு வழியாகத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நஸ்ரீன் சுவரோரமாக உட்கார்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"வாங்க மிஸ். இவ மத்தியானத்திலேருந்து அழுதுகினே கீறா. இன்னான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா. மார்க்கு கம்மியா பூட்ச்சா?" என்றார். முதல் வாக்கியம் தெளிவாக இருந்தது. கடைசி வாக்கியம் மூக்கால் வந்தது.

"மார்க்கெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா" என்றேன்.

மோவாயிலிருந்து கை எடுத்தபோதெல்லாம் தலை முன்னால் சரிய, டீ போட்டுக் கொடுத்தார். தானும் ஒரு வாய் குடித்தார். டீ மூக்கு வழியாக வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "ஒரு வாரமா சளி, ஜுரம். எறங்கவே மாட்டேங்குது" என்றார். கண்ணுக்கு இரண்டு தடவை கண்ணாடி மாற்றியிருக்கிறார். ஊசி இரண்டாகத் தெரிகிறது, எதில் நூல் கோப்பது என்று தெரியவில்லை என்று கடைக்காரரிடம் சொன்னதற்கு அவர் சிரித்தாராம். பிளவுஸுகள் திரும்பி வரத் தொடங்கியிருந்தன.

நஸ்ரீன் சட்டென்று கேட்டாள். "மிஸ், கமலா செத்துட்டாங்க இல்ல?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். இந்த வேலையில் அப்படி ஒரு கணம் உங்களுக்கும் வரும். எதிரில் ஒரு குழந்தை உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்.

"கமலான்னு யாரும் இல்லம்மா. அவ நான் எழுதின ஆளு. நீங்க தூங்காம கேக்கணும்னு நான்தான் அவளைச் சாகடிச்சேன். அவ ஏன் செத்தா தெரியுமா? நான் அவளை ஆஸ்பத்திரிக்கே அனுப்பல. டாக்டர், மருந்து எதுவுமே என் கதையில இல்ல. அது என் தப்பு."

அவள் அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அவர் பக்கம் திரும்பினேன். "நான் டாக்டர் இல்லம்மா. நான் பார்த்ததைச் சொல்றேன். நீங்க பேச ஆரம்பிக்கறப்ப குரல் நல்லா இருக்கு, பேசப் பேச மாறுது. இமை தொங்குது. டீ மூக்கு வழியா வருது. கை எடுத்தா தலை நிக்கல. இதெல்லாம் சேர்ந்து இருந்தா இன்னிக்கே காட்டணும். நாளைக்கு இல்ல."

"ஞாயித்துக்கெழம போறேன் மிஸ். இத முடிச்சுக் குடுத்துடறேன், கல்யாண ஆர்டரு."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக எனக்கு என்ன உரிமை? நஸ்ரீனின் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுபவர், அப்போது வேளச்சேரியில் இருந்தார். அவருக்குப் போன் போட்டு நான் பார்த்ததை அதே வரிசையில் சொன்னேன். எதிர்முனையில் வண்டிச் சத்தம் நின்றது. "நீங்க கூட்டிக்கினு போங்க மிஸ். நா நேரா அங்க வந்துடறேன்" என்றார். ஒரு கேள்வி கேட்கவில்லை. முகம் தெரியாத ஒரு மனிதர், டீச்சர் என்ற ஒரே காரணத்துக்காக மனைவியை என்னிடம் ஒப்படைத்தார். அந்த நம்பிக்கையின் கனம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கணவர் சொன்னதைக் கேட்டதும் நஸ்ரீனின் அம்மா ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தார். அரசு ஆஸ்பத்திரியில் பெஞ்சில் காத்திருந்தோம். முக்கால் மணி நேரம் இருக்கும். அவர் நஸ்ரீன் தோளில் தலை சாய்த்துக் கண் மூடியிருந்தார். அழைத்தபோது எழுந்து நேராக நடந்து போனார். டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். இமைகள் திறந்திருந்தன. குரல் தெளிவாக இருந்தது. ஓய்வெடுத்ததில் எல்லாம் சரியாகியிருந்தது!

டாக்டர் சின்ன வயதுக்காரர், காலையிலிருந்து நின்று களைத்தவர். நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். டார்ச் அடித்துப் பார்த்தார், கையை அழுத்திப் பார்த்தார். "இப்ப நல்லாத்தானே இருக்காங்க? ரத்தம் கம்மியா இருக்கலாம். நாளைக்குக் காலைல ஓ.பி.க்கு வாங்க" என்று எழுதத் தொடங்கினார்.

நோயின் பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் என்ன ஆகும்? படித்த டீச்சர் ஒருத்தி டாக்டருக்குப் பாடம் எடுக்கிறாள் என்றாகும். சொல்லாவிட்டால்? நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், எங்க அம்மி இவ்ளோ நேரம் ரெஸ்ட்ல இருந்தாங்க சார். அதான் நல்லா கீறாங்க. களைச்சாத்தான் தெரியும். ஃபேனைப் பாத்துக்கினே இருக்கச் சொல்லுங்க சார். கண்ணை எடுக்காம."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "இது யாரும்மா உனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். யோசிச்சேன்."

உண்மைதான். அந்தத் தாளில் அது கிடையாது. நான் சொல்லித் தந்ததுமில்லை. தட்டத் தட்டக் கேட்காமல் போகும் கதவு என்றால், தொடர்ந்து தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பதினாறு வயதுப் பெண் தன் பயத்துக்கு நடுவில் நின்று தானாக எட்டிய இடம் அது. வகுப்பில் மேசையைத் தட்டிய விடைக்காக அல்ல, இந்த ஒன்றுக்காகத்தான் நாம் சம்பளம் வாங்குகிறோம்.

"சரி, பார்ப்போம்" என்றார் டாக்டர். நஸ்ரீனின் அம்மா முகத்தை நேராக வைத்துக்கொண்டு கண்களை மட்டும் உயர்த்தி மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார். பத்து வினாடி, இருபது வினாடி. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வலது இமை லேசாக நடுங்கியது. கொஞ்சம் இறங்கியது. அதைத் தூக்க அவர் நெற்றியைச் சுருக்கினார். இமை கேட்கவில்லை. கடை ஷட்டர் இறங்குவது மாதிரி சிறிது சிறிதாக வந்து மூடிக்கொண்டது. பின்னாலேயே இடது இமையும்.

டாக்டர் எழுந்து வெளியே ஓடினார். நரைத்த தலையோடு பெரிய டாக்டரம்மா ஒருவர் வந்தார். பார்த்தார், யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ரப்பர் கையுறை ஒன்றில் ஐஸ் நிரப்பி வரச் சொன்னார். அதை வலது இமைமேல் மட்டும் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு நிமிஷம். கையுறையை எடுத்தார்.

வலது கண் திறந்துகொண்டது.

இடது கண் மூடியே இருந்தது. ஐஸ் வைத்த கண் மட்டும், அன்றலர்ந்த பூ மாதிரி, அகலமாகத் திறந்து எங்களைப் பார்த்தது. குளிர்ச்சியில் அந்த ரசாயனம் சீக்கிரம் சிதையாமல் நிற்கும். அதனால் தட்டல் கொஞ்சம் கேட்கிறது. காரணம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? என் கண் முன்னால் ஒரு துண்டு ஐஸ், யாரும் பார்த்திராத அந்த இடைவெளியைத் தொட்டுவிட்டது. எத்தனையோ தடவை கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்த இடைவெளி. அது நிஜம் என்று அன்றுதான் நம்பினேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

"ஒரே மூச்சில எண்ணுங்கம்மா, எவ்வளவு முடியுதோ" என்றார் டாக்டரம்மா. நஸ்ரீனின் அம்மா தனக்குப் பழகிய உருதில் எண்ணினார். ஏக், தோ, தீன். மணி கோப்பவர் எண்ணும் வேகம். பதினேழில் மூச்சு தீர்ந்தது. நானும் கூடவே மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஓய்வுபெறும் வயதில் இருந்த எனக்கு அதைத் தாண்டி வெகுதூரம் மூச்சு இருந்தது. டாக்டரம்மாவின் முகம் மாறியது. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, நஸ்ரீனைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "உடனே அட்மிட் பண்ணுங்க."

சேர்க்கும் நேரத்துக்கு நஸ்ரீனின் அப்பாவும் வந்துவிட்டார். அம்மா மூன்று வாரம் உள்ளே இருந்தார். இரண்டு நாள் மூச்சுக்கு மெஷின் வைக்க வேண்டியிருந்தது. பிறகு நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள, இந்த நோயைத் தூண்டிவிடும் தைமஸ் சுரப்பியை எடுத்தார்கள். இப்போது மணி பார்த்து மாத்திரை போட்டுக்கொள்கிறார். காலையில் மட்டும் சட்டத்தின் முன்னால் உட்காருகிறார். நஸ்ரீன் டாக்டரானாளா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. நந்தனத்தில் காமர்ஸ் படித்தாள், கணக்கர் வேலை பார்க்கிறாள். "ஆஸ்பத்திரி வாசனையே எனக்கு ஆகாது மிஸ்" என்றாள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. உடம்பை யோசிக்கத் தெரிந்த ஒரு பெண் டாக்டராகித்தான் ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கேஸ் எழுதும்போது, நாற்பது பேரில் ஒருத்தி வீட்டில் அந்த நோயாளி இருக்கிறார் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். நோயாளிக்கு ஒரு வழி விட்டு எழுதுங்கள். அவர் எங்கே போனார், யார் பார்த்தார்கள் என்பதும் பாடம்தான். தாளின் அடியில் பிள்ளைகள் கேட்பதற்குக் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள். உங்கள் கேள்விகளைவிட அங்கே எழுதப்படுவதை முதலில் படியுங்கள்.

சேர்த்த மறுநாள் காலை, மூச்சுத் திணறல் அதிகமாவதற்கு முன், பள்ளிக்குப் போகும் வழியில் வார்டுக்குப் போனேன். முதல் மாத்திரை கொடுத்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. நஸ்ரீன் கட்டிலருகே ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப் போய்ப் பக்கத்தில் சென்றேன்.

"மிஸ், அம்மி சிரிக்கறாங்க" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கன்னங்கள் மேலேறி, உதட்டின் இரு ஓரங்களும் உயர்ந்து, முழுதாக ஒரு சிரிப்பு. முந்தின நாள் என்னை வரவேற்றபோது அந்த முகத்தில் உதட்டின் நடுப்பகுதி மட்டும் சுருண்டு பல் தெரிந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வந்த என்மேல் எரிச்சல் என்றே நினைத்திருந்தேன். சிரிப்பதற்கும் தசை வேண்டும் என்பது விலங்கியல் டீச்சரான எனக்குத் தோன்றவில்லை.

"ரெண்டு வருஷமாச்சு மிஸ், இப்டி சிரிச்சு" என்று நஸ்ரீன் என்னிடம் சொன்னாள். கண் அம்மாவைவிட்டு நகரவில்லை. "பத்தாவதுல ஸ்கூல் ஃபர்ஸ்ட்டுன்னு ஓடிப்போய்ச் சொன்னேன். மூஞ்சச் சுளிச்சாங்க. என்னைப் புடிக்காம போச்சுன்னே நெனச்சுக்கினு இருந்தேன்."

வீட்டில் உருதில் பேசுகிறவர், எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே சொன்னார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது.

"அன்னிக்கும் சிரிச்சேன்டி. டெய்லியும் சிரிச்சேன்."